கல்லறைக் கோயில்களும் அவற்றின் மறுபயனும்

ஒரு கட்டடம் எக்கருமத்தின் பொருட்டு எழுந்ததோ அக்கருமம் ஒழிந்தபின் அதனை என் செய்வது என்னும் வினா, எல்லா நாட்டினர்க்கும் எக்காலத்தும் எழுவதொன்று. களஞ்சியம் ஒழிந்தால் அதனைக் கடையாக்கலாம். மாளிகை ஒழிந்தால் அதனைப் பாடசாலையாக்கலாம். ஆயின், இறந்தோரை அடக்கஞ்செய்தற்கென எழுந்த ஆலயம் ஒழிந்து கிடக்குமாயின், அதன் கூரையின்கீழ் வேறொரு கருமத்தைத் தொடங்கப் பலரும் தயங்குவர். அத்தயக்கம் பண்பாட்டின்பாற்பட்டது, இழித்தற்குரியதன்று. எனினும், அத்தயக்கத்தையே சாட்டாகக்கொண்டு நாம் வாளாவிருப்போமாயின், கூரை வீழும். கூரையைத் தொடர்ந்து சுவர் வீழும். இறந்தோர் பெயர் பொறித்த கல்லும் ஈற்றில் மண்ணுள் மறையும். ஆதலின், இவ்விடயத்தை உணர்ச்சியளவில் நிறுத்தாது ஆராய்ந்து துணிதல் வேண்டும். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தை, சிறப்பாகக் கற்பிட்டியை முன்னிறுத்தி, இவ்வாராய்ச்சியை ஈண்டு மேற்கொள்வாம்.

கல்லறைக் கோயில் என்பது யாது?

இப்பெயரால் இருவகைக் கட்டடங்களைக் குறிக்கின்றோம். முதலாவது, சேமக்காலையின் நடுவே இறுதிச்சடங்கின் பொருட்டு மட்டும் அமைந்த சிற்றாலயம். இது பெரிதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆக்கம். நகரக் கோயில் முற்றங்களில் பிணங்களுக்கு இடமின்றி நோய் பரவியமையால், 1852 முதல் 1857 வரை இயற்றப்பட்ட அடக்கச் சட்டங்கள் நகர்ப்புறத்தே புதிய சேமக்காலைகளைத் தோற்றுவித்தன. அவற்றுட் பலவற்றில் ஆங்கிலத் திருச்சபையார்க்கு ஒன்றும், அச்சபையிற் சேராத கிறித்தவர்க்கு ஒன்றுமாக இரண்டு சிற்றாலயங்கள் எதிரெதிரே எழுந்தன. இரண்டாவது வகை, தளத்தின்கீழே இறந்தோரை அடக்கிய வழிபாட்டாலயம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தர் தம் பெருமக்களை ஆலயத்தினுள்ளேயே அடக்கி, அவர் பெயரும் குலச்சின்னமும் பொறித்த பெருங்கற்களையே தளமாகப் பரப்பினர். காலியிலும் கொழும்பு வொல்வெண்டாலிலும் அத்தளங்களை இன்றும் காணலாம். நம் கரையோரத்துக்கு உரியது இவ்விரண்டாம் வகையே.

இறந்தோர் மீது ஆலயம் எழுப்புதல் தமிழர்க்குப் புதிதன்று. சோழர் இதனைப் பள்ளிப்படை என்றனர். முதலாம் ஆதித்தன் உயிர்நீத்த தொண்டைமானாற்றூரில் அவன் மகன் பராந்தகன் ஒரு சிவாலயம் எடுத்தான். மேற்பாடியில் அரிஞ்சயனுக்காக இராசராசன் எடுத்த அரிஞ்சிகை ஈசுவரமும், பட்டீச்சரத்தருகே முதலாம் இராசேந்திரன் காலத்து எழுந்த பஞ்சவன்மாதேவீச்சரமும் அவ்வகையினவே. இவை தோன்றி ஓராயிரம் ஆண்டுகள் கழிந்தன. எவர் நினைவாக எழுந்தனவோ அவர்தம் மரபு அற்றது, அரசும் அற்றது. எனினும் கோயில்கள் நின்றன. காரணம், அவை இறந்தோர் நினைவாக மட்டும் நில்லாது உயிரோடிருப்போர் வந்து செல்லும் சிவாலயங்களாகவும் இருந்தமையே. இறந்தோரின் இடத்தைக் காப்பது உயிரோடிருப்போரின் காலடியே என்னும் உண்மையை இதனினின்றும் பெறுகின்றோம்.

கற்பிட்டியின் நிலை

கற்பிட்டி, புத்தளக் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்ட மணற்குடாநாட்டின் முனைப்பகுதி. ஏரியின் வாயிலை ஆள்வோர் கண்டி இராச்சியத்தின் மேற்குக்கரை வாணிகத்தையும் ஆள்வர் என்பதை ஐரோப்பியர் நன்கறிந்திருந்தனர். போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே இயேசு சபையாரின் சிற்றாலயம் ஒன்று இருந்தது. 1659இல் ஒல்லாந்தர் இவ்விடத்தைக் கைப்பற்றினர். 1667 முதல் 1676 வரை முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் நான்கு கொத்தளங்களுடைய கோட்டையைக் கட்டினர். கோட்டையின் ஒரே வாயில் ஏரியை நோக்கியது. கடல் கடந்து வந்த மஞ்சட் செங்கல்லால் ஆயது. உள்ளே தளபதியின் மனை, சிறைக்கூடம், களஞ்சியங்கள் என்பவற்றோடு ஒரு சிற்றாலயத்தின் இடிபாடும் உண்டு. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டது. பிற்காலத்தே கடற்படையினரின் பொறுப்பில் வந்தது.

கோட்டைக்குப் புறத்தே, ஊரினுள், புனித பேதுருவின் பெயரால் வழங்கும் ஒல்லாந்த ஆலயம் நிற்கின்றது. அதன் தூண்வரிசை முகமண்டபம் வீழ்ந்து நெடுங்காலமாயிற்று. உள்ளே பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைக்கற்கள் செதுக்குவேலை சிதையாது கிடக்கின்றன. வெளியே சிறியதோர் அடக்கநிலம். ஆங்குள்ள கல்லறைகள் உப்புக்காற்றால் அரிப்புண்டவை. ஒல்லாந்தக் கும்பனியாரின் குடிகள் இவ்வூரை விட்டு அகன்றபின், அவ்வாலயத்தைத் தாங்கி நின்ற சபையும் சுருங்கிற்று. கட்டியோர் இலர்; காப்போர் சிலர். இதுவே கற்பிட்டியின் சிக்கல்.

இக்கற்களால் விளையும் பயன் யாதெனின், ஒல்லாந்தக் கல்லறைக்கல் ஒவ்வொன்றும் ஒரு சிறு சாசனம். அடக்கப்பட்டவர் பெயர், பிறந்த ஊர், கும்பனியில் வகித்த பதவி, பிறந்த நாள், இறந்த நாள், மனைவி மக்கள் விபரம் ஆகியன அதில் பொறிக்கப்படுவது வழக்கம். இவற்றின் அருமையை அறிந்தே லியோபோல்ட் லூடோவிசி 1877இல் இலங்கையின் ஒல்லாந்தக் கல்லறைச் சாசனங்களைத் தொகுத்து வெளியிட்டார். பென்றி லூயிஸ் 1913இல் இலங்கைக் கல்லறைகளின் விரிந்த பட்டியலொன்றை அச்சேற்றினார். ஏட்டிற் பதிந்தபின் கல் எதற்கு என்பார் உளராயின், அவர்க்கு ஒரு விடை உண்டு: ஏடு எழுத்தைக் காட்டும், எழுத்தை வெட்டிய கையின் திறத்தையும், கல்லின் இனத்தையும், அது கிடந்த இடத்தையும் கல்லே காட்டும்.

பயன்மாற்றத்தின் இருமுகம்

ஆலயமொன்றைப் பிறிதொரு கருமத்துக்கு ஆக்குதல் என்றவுடன் அதனை நற்செயலெனக் கொண்டுவிடலாகாது. இவ்வுண்மையை இம்மாவட்டத்து வரலாறே உணர்த்தும். சிலாபத்தையடுத்த முன்னேசுவரத்தைப் போர்த்துக்கேயர் 1578இல் இடித்தனர். கோயிலின் அடித்தளத்தின்மேல் இயேசு சபையார் தம் ஆலயத்தை எழுப்பினர். அதுவும் ஒருவகைப் பயன்மாற்றமே. ஆனால் அது உடையவர் இசைவின்றி, முன்னைய நினைவை அழித்தற்கென்றே செய்யப்பட்டது. கண்டியரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், 1753இல், முன்னேசுவரம் மீண்டும் சிவாலயமாக எழுந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள்.

சென்னையிலும் ஒரு செய்தி உண்டு. பிரஞ்சுத் தளபதி லாலி 1758, 1759ஆம் ஆண்டுகளில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேயர் சேமக்காலையின் உயர்ந்த கல்லறைகள் பகைவர்க்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயர் தாமே அக்கல்லறைகளை இடித்து, பெயர்க்கற்களைக் கோட்டையினுள் உள்ள தூய மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் பரப்பினர். பழைய இடத்தில் எஞ்சியவற்றுள் ஈலிகு ஏலின் மகன் தாவீதும் யோசேப்பு ஐன்மரும் அடங்கிய கல்லறை இன்று உயர்நீதிமன்ற வளாகத்தினுள் நிற்கின்றது. ஏனைய கற்கள் எழுத்தளவில் பிழைத்தன. ஆயின் எக்கல் எவருடைய எலும்பின்மேல் இருந்தது என்னும் தொடர்பு அறுந்தது.

இவற்றொடு ஒப்புநோக்கத்தக்கது கொழும்பில் 1813இல் நிகழ்ந்தது. கோட்டையினுள் இருந்த பழைய ஒல்லாந்த ஆலயம் பாழுற்றமையால், ஆங்கு அடக்கப்பட்டிருந்த ஆள்பதியர் முதலியோரின் எச்சங்களும் கல்லறைக்கற்களும் வொல்வெண்டால் ஆலயத்துக்கு முறைப்படி ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. இங்கே எலும்பும் கல்லும் ஒருங்கே சென்றன. உரியவர் கண்முன்னே சென்றன. இடம் மாறினும் நினைவு மாறவில்லை.

இம்மூன்றையும் நிறுத்துப் பார்க்குங்கால் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. பழைய உடைமையாளருள் ஒருவர் மாற்றியமைத்த கட்டடத்தினுள் நுழைந்தால், ‘இது எம் முன்னோர் துயிலும் இடம்’ என்று அறிந்து தலைவணங்க இயலுமா? இயலுமெனின் அது மறுபயன். இயலாதெனின் அது மறுபடியும் ஓர் அழிவு.

பிறநாட்டார் கண்ட வழிகள்

இங்கிலாந்தில் சேமக்காலைச் சிற்றாலயங்கள் கைவிடப்பட்டதற்குக் காரணங்கள் சில. 1902இல் தகனச் சட்டம் இயற்றப்பட்டது. 1960களின் இறுதியில் அந்நாட்டில் எரிப்போர் தொகை புதைப்போர் தொகையை விஞ்சிற்று. தகனசாலைகள் தத்தமக்கெனச் சடங்குமண்டபங்களைக் கொண்டிருந்தன. புதைநிலம் விற்றுப் பிழைத்த தனியார் கும்பனிகள், விற்க நிலமின்றி முறிந்தன. பூட்டிய சிற்றாலயங்களில் ஈயத்தகடு களவு போயிற்று, தீவைப்பும் நிகழ்ந்தது.

அதன்பின் அவர்கள் மேற்கொண்ட வழிகள் மூவகைப்படும். பிறிஸ்ரல் நகரத்து ஆர்னோசு வேல் சேமக்காலையின் சிற்றாலயங்கள் செப்பனிடப்பட்டு 2010இல் மீண்டும் திறக்கப்பட்டன. அங்கே கண்காட்சியும் கல்விக்கூட்டமும் திருமணமும் நடைபெறுகின்றன. வரும் பணம் சேமக்காலையைக் காக்கின்றது. இது வருவாய் வழி. செபீல்டு நகரத்தில் 1836இல் திறந்த சேமக்காலையின் சிற்றாலயம், இசைக்கும் கூட்டத்துக்கும் உரிய சிறு மண்டபமாயிற்று. இது ஊர்மன்ற வழி. இலண்டனின் நன்கெட்டு சேமக்காலையிலோ, தீயில் கூரையிழந்த சிற்றாலயத்துக்குக் கூரை இடவில்லை. சுவர்களை மட்டும் உறுதிப்படுத்தி 2001இல் திறந்துவிட்டனர். இடிபாடே வான்கூரைக் கூடமாயிற்று. இது நிறுத்தி வைக்கும் வழி.

நம் நாட்டில் கண்டிமாநகரத்துப் படையினர் சேமக்காலை நல்லதோர் எடுத்துக்காட்டு. 1817இல் தொடங்கிய இது, நகர எல்லையுள் அடக்கம் தடுக்கப்பட்டமையால் 1873இல் மூடப்பட்டது. காடுபற்றிக் கிடந்த அவ்விடம் 1998இல் திருத்தப்பட்டது. 195 கல்லறைகளே உள்ள சிறு நிலமாயினும், கல்லைப் படித்து அக்கதையைச் சொல்ல ஆளிருந்தமையால், வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் அதனை நாடுகின்றனர். மாறாக, யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706இல் சிலுவை வடிவில் எழுந்த ஒல்லாந்த ஆலயம், நாள்வழிபாடின்றிக் கோட்டையினுள்ளேயே அடைபட்டிருந்து, 1990இல் தொடங்கிய போரழிவில் இல்லாதொழிந்தது. ஆளிழந்த ஆலயத்துக்காக அன்று பரிந்துபேச எவர் இருந்தனர்?

கற்பிட்டிக்கு ஏற்றது எது?

1964ஆம் ஆண்டு வெனிசு நகரில் வகுக்கப்பட்ட பழஞ்சின்னப் பாதுகாப்பு நெறிகள், சமுதாயத்துக்குப் பயன்படும் கருமமொன்றில் ஈடுபடுத்துவது சின்னத்தைக் காக்கத் துணைபுரியும் என்றும், ஆயினும் அக்கட்டடத்தின் அமைப்பையும் அணியையும் அதன்பொருட்டு மாற்றலாகாது என்றும் கூறுகின்றன. இலங்கையில் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உண்டு. பாதுகாப்புப் பெற்ற சின்னத்தில் தொல்பொருட் டிணைக்களத்தின் இசைவின்றி ஆணியும் அறைதல் கூடாது. இவ்வெல்லைகளுக்குள்ளேயே நாம் கருதல் வேண்டும்.

முதற்கண், ஊரினுள்ளுள்ள ஆலயத்தில் வழிபட விரும்புவார் ஒருவர் உளராயினும் முதலுரிமை அவர்க்கே. மறுபயன் என்பது வழிபாடற்ற நாள்களுக்கும் வெற்றிடத்துக்கும் மட்டுமே உரியது.

இரண்டாவதாக, உணவுச்சாலையும் திருமண மண்டபமும் இங்கே பொருந்தா. பிறிஸ்ரலில் அவை பொருந்தியமைக்குக் காரணம், ஆங்குள்ள சிற்றாலயத் தளத்தின்கீழ் எவரும் துயிலவில்லை; சேமக்காலை புறத்தே விரிந்தது. கற்பிட்டியிலோ தளமே கல்லறை. நாற்காலியின் இரும்புக்கால் உராயுந்தோறும் ஒரு பெயர் தேயும். ஆதலின் கூட்டமும் ஆரவாரமும் இல்லாத கருமமே ஈண்டைக்கு ஏற்றது.

அக்கருமம் வாசிகசாலையும் ஊர்ச்சாசன நிலையமும் ஆதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதற்கு ஊரே சான்று தருகின்றது. ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரால் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, 1807இல் கற்பிட்டியிற் பிறந்தவர். 1834இல் இலங்கையின் ஊர், ஆறு, கோயில், மரபு ஆகியவற்றையெல்லாம் அகரவரிசையில் தொகுத்த இடவிளக்க நூலை ஆக்கியவரும் அவரே. பிறர் நினைவைத் தொகுத்தளித்த அறிஞர் பிறந்த ஊரில், நினைவைத் தொகுக்கும் நிலையம் ஒன்று அமைதல் தகும். கல்லறைச் சாசனங்களின் படிகளும், அவற்றின் தமிழ், சிங்கள மொழிபெயர்ப்புகளும், இந்துக்கள், முசுலிம்கள், கத்தோலிக்கர் ஆகிய மூவினத்தாரின் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஏடுகளின் படிகளும், உடப்பு முதலிய மீனவர் ஊர்களின் வழக்காறுகளும் ஆங்கே ஓரிடத்து இருக்கலாம். இடம் சிறிது; ஆனால் ஏட்டுக்கும் படிப்போர்க்கும் பேரிடம் வேண்டா.

கோட்டையினுள்ளுள்ள கூரையற்ற சிற்றாலயத்துக்கோ நன்கெட்டு வழியே சாலும். சுவரை உறுதிப்படுத்தி, விளக்கப்பலகை ஒன்றை நிறுத்தினால், வருவோர்க்கு அது வான்கூரைப் பாடசாலையாகும்.

செய்முறையிற் கவனிக்க வேண்டியவை

நல்ல நோக்கமும் தீய செய்முறையால் கெடும். முருகைக்கல் நுண்துளைகள் நிறைந்தது; கடற்காற்றின் உப்பையும் நிலத்து ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் உலருங்கால் உப்பு பளிங்காகிப் பருத்துக் கல்லின் மேற்பரப்பை உதிர்க்கும். பழங்கொத்தர் பூசிய சுண்ணச்சாந்து ஈரத்தை வெளியேற விடும்; கல்லுக்கு மாறாகத் தானே உதிர்ந்து கல்லைக் காக்கும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். பூச்சு நிற்கும், கல் பொடியாகும். எனவே சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பையே இங்கே பயன்படுத்தல் வேண்டும்.

தளத்தை எதன்பொருட்டும் தோண்டலாகாது. மின்கம்பியைச் சுவரைக் குடையாது வெளியே ஓட்டலாம். நூற்பேழைகள் தளத்திற் பதியாது, அகன்ற மரப்பலகைமேல், கல்லறைக்கற்களை விலக்கி நிற்றல் வேண்டும். வேண்டாதபோது ஒரே நாளில் அகற்றத்தக்கனவாதல் வேண்டும். கழிவறை அடக்கநிலத்துக்கு அப்பால் அமைதல் முறை. கற்பிட்டி மணலின்கீழ் நன்னீர் மெல்லிய படலமாகவே உளது. ஊர்க்கிணறுகளும் தோட்டங்களும் அதனையே நம்பியுள்ளன. ஆதலின் கழிவுக்குழி மூடிய தொட்டியாக இருத்தல் இன்றியமையாதது. இவையனைத்துக்கும் முன்னர், ஒவ்வொரு கல்லையும் அது கிடக்கும் இடத்திலேயே அளந்து, நிழற்படம் எடுத்து, வரைபடத்திற் குறித்தல் வேண்டும்.

செலவுக்கு வழி யாதெனின், ஓங்கில் காணவும் காற்றுப்பட்ட விளையாட்டுக்கும் வரும் பயணிகள் கற்பிட்டிக்குக் குறைவில்லை. அவர்பால் சிறு நுழைவுக்கட்டணம் பெறலாம். ஆனால் நிலையம் அவர்க்காக நடத்தப்படுவதன்று. மாலையில் பாடம் படிக்க ஓரிடம் தேடும் உள்ளூர்ப் பிள்ளையே அதன் முதல் உரிமையாளர். பயணி ஒருமுறை வருவான். பிள்ளை நாள்தோறும் வரும். கூரையில் ஓடு நழுவியதை முதலில் காண்பதும் அப்பிள்ளையே.

ஒரு தடையும் விடையும்

‘நம் கோயில்களை இடித்த அந்நியரின் கல்லறையை நாம் ஏன் காத்தல் வேண்டும்?’ என்று இந்துக் கல்லூரி மாணவர் வினவலாம். வினா நேர்மையானது. முன்னேசுவரத்தை இடித்தவர் ஒல்லாந்தர் அல்லர் என்று கூறித் தப்புதல் விடையாகாது. ஒல்லாந்தர் ஆட்சியிலும் சைவர் தம் வழிபாட்டுக்கு இடர்ப்பட்டனர் என்பது வரலாறு. விடை வேறிடத்து உளது. முன்னேசுவரம் இடிபட்டதைத் தவறென்று நாம் சொல்வது, பிறர் புனிதத்தை அழித்தல் யாவர்க்கும் தகாது என்னும் நெறிபற்றியே. அந்நெறி நமக்கு மட்டும் உரியதெனின் அது நெறியன்று, வழக்காளியின் வாதம். இடிபட்ட கோயிலின் துயரை அறிந்தவனே, ஆளற்ற கல்லறையின் மதிப்பையும் அறியத்தக்கவன். அன்றியும், அக்கற்களின்கீழ்க் கிடப்போர் எல்லாரும் ஆள்பதியர் அல்லர்; அக்காலத்துக் கல்லறைகளில் மகப்பேற்றில் இறந்த தாயரும், ஓராண்டும் நிரம்பாத குழவியரும் பலர்.

ஆகவே, மறுபயன் என்பது கட்டடத்துக்கு ஒரு வாடகைக்காரனைத் தேடுதல் அன்று; இறந்தோர்க்கு ஓர் அயலானைத் தேடுதல். கற்பிட்டி ஆலயத்துக்கு அந்த அயலார் கற்பிட்டி மக்களே. மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறையில் உரியவர் இசைவுபெற்றுச் சென்று, தம் ஊரின் கைவிடப்பட்ட சேமக்காலை எதுவாயினும் அதன் கற்களை எண்ணி, எழுத்தைப் படியெடுத்து, கிடக்கும் இடத்தை வரைந்து வருக. அதற்கு அளவுநாடாவும் தாளும் பொறுமையும் போதும். உப்புக்காற்று எவர் வரவையும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை.